டிக்கி வைத்த சிக்கனம்

கார் கன்சல்டிங் கடைகளில் நிற்கிற வண்டிகள் எல்லாமே டாக்டர்கள் ஓட்டியவை. "டாக்டர் யூஸ் பண்ணினது சார், சிங்கிள் ஓனர், ஷோரூம் சர்வீஸ்" என்று ஆரம்பிக்காத தரகரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இத்தனை டாக்டர்கள் இருந்தும் அரசு ஆஸ்பத்திரியில் ஏன் வரிசை குறையவில்லை என்று கேட்கத்தான் தோன்றும். அந்தக் கடைகளில், வெள்ளையிலோ சில்வரிலோ, பின்னால் டிக்கி துருத்திக்கொண்டு ஒரு வண்டி தவறாமல் நிற்கும். மாருதி டிசையர்.

புதிதாக வாங்குவதைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. இங்கே பேசப்போவது, அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பத்து வருஷம் வைத்து ஓட்டுகிறவர்களைப் பற்றி. "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. என் கணக்கில் அது மூன்றாவது கேள்வி. வண்டியை எத்தனை வருஷம் வைத்திருக்கப்போகிறீர்கள் என்பது முதலாவது. அதன் சாமான் உங்கள் ஊரில் கிடைக்குமா என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் சரியாக இருந்தால், லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் குறைந்தாலும் பர்ஸ் தாங்கும்.

நாலு மீட்டர் கதை

குட்டி செடான் என்ற இனமே வரிச் சட்டத்துக்குப் பிறந்தது. 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவிகிதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி.யைத் தாண்டக் கூடாது. டாடா முந்திக்கொண்டு 2008 தொடக்கத்தில் இண்டிகோவின் வாலை நறுக்கி 'சி.எஸ்.' என்று இறக்கியது. அதே ஆண்டு மார்ச்சில் வந்த முதல் டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளம். சலுகை கிடைக்கவில்லை. 2012 பிப்ரவரியில் வந்த இரண்டாவது டிசையர் 3,995 மில்லிமீட்டர்! சலுகைக்காகத் தியாகம் செய்யப்பட்டது டிக்கி. 440 லிட்டராக இருந்தது 316 ஆகச் சுருங்கியது. ஸ்விஃப்டின் முதுகில் அட்டைப்பெட்டியை ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது என்று அப்போது சிரித்தார்கள். அந்தச் சிரிப்பெல்லாம் விற்பனையைத் தொடவே இல்லை. 2018-இல் ஆல்ட்டோவையும் தாண்டி நாட்டிலேயே அதிகம் விற்ற காராக டிசையர் வந்து நின்றது.

அந்த நாலு மீட்டர் கோடு இன்னும் அழியவில்லை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாற்றியமைக்கப்பட்டபோதும் கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவிகிதம், அந்தப் பக்கம் 40. புது வண்டி விலை இறங்கியதால் பழைய வண்டிக்குச் சொல்கிற விலையும் கொஞ்சம் இறங்கித்தான் ஆக வேண்டும். இதைத் தரகரிடம் நினைவுபடுத்தினால் அவருக்குக் காது கேட்காது. இருந்தாலும் நினைவுபடுத்துங்கள்.

டிக்கி ஏன் வேண்டும் என்று நம் ஊர்க் குடும்பத்திடம் கேட்கவே வேண்டாம். ஊருக்குப் போனால் திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய், ஒரு தார் வாழை. சம்பந்தி வீட்டுக்குப் போனால் சீர்த்தட்டு. இதையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது.

முதல் ஓனர் கட்டிய பணம்

புது கார் வாங்குகிறவர் முதல் ஐந்து வருஷத்தில் இழப்பதை யாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் வண்டியின் மதிப்பைக் கழிக்கும் அட்டவணையே போதும். முதல் ஆண்டு முடிவதற்குள் 15 சதவிகிதம், மூன்றாவது ஆண்டில் 30, ஐந்தாவது ஆண்டில் 50. ஒரு உதாரணத்துக்கு எட்டு லட்ச ரூபாய் வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்தில் நாலு லட்சம் போய்விட்டது. வருஷத்துக்கு 80,000 ரூபாய். வண்டி போர்ட்டிகோவிலேயே நின்றாலும் போகிற பணம் இது.

அதே வண்டியை நாலு லட்சத்துக்கு நீங்கள் வாங்கிப் பத்து வருஷம் ஓட்டி, கடைசியில் ஒரு லட்சத்துக்குக் கொடுக்கிறீர்கள். இழப்பு வருஷத்துக்கு 30,000. இரண்டே வருஷத்தில் மாற்றிவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது. தரகு, பேர் மாற்றும் செலவு, வாங்கியதும் செய்கிற ரிப்பேர் எல்லாம் உங்கள் தலையில்தான். பழைய வண்டியில் லாபம் என்பது வைத்திருக்கிற வருஷங்களில்தான் சேரும்.

ஆயுள் வரியையும் மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரி உயர்ந்தது. ஐந்து முதல் பத்து லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவிகிதம். மேலே சொன்ன எட்டு லட்ச வண்டிக்கு 1,04,000 ரூபாய். முதல் ஓனர் கட்டிவிட்டுப் போனது, தமிழ்நாட்டுக்குள்ளேயே வண்டி கை மாறுகிற வரை செல்லும்.

இப்போது மைலேஜுக்கு வருவோம். வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு 66,700 ரூபாய் செலவழிப்பார். 18 கொடுத்தால் 55,600. வித்தியாசம் மாதத்துக்கு ஆயிரத்தைத் தொடாது. இந்த ஆயிரத்துக்காகத்தான் மூன்று மாதம் மண்டையைக் குடைந்துகொள்கிறோம்.

ஒரே இன்ஜின், இரண்டு விதி

டிசையர் டீசலில் இருந்த 1,248 சி.சி. இன்ஜின் மாருதியுடையது அல்ல. இத்தாலியின் ஃபியட் வடிவமைத்த மல்டிஜெட். அதே இன்ஜின், சின்னச் சின்ன மாற்றங்களோடு, டாடா இண்டிகோ மான்சாவில் இருந்தது. செவர்லே செய்லில் இருந்தது. ஃபியட்டின் லீனியாவிலும் இருந்தது. 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்று கார்க்காரர்கள் கிண்டலாகச் சொல்வார்கள். ஆக, இன்ஜினை மட்டும் பார்த்து வாங்குவதானால், லீனியாதான் பார்க்க லட்சணமான வண்டி, கதவைச் சாத்தினால் வருகிற சத்தமே தனி.

ஆனால் செவர்லே 2017-உடன் இந்தியாவில் விற்பனையை முடித்துக்கொண்டது. ஃபியட் பிறகு சத்தமில்லாமல் ஒதுங்கியது. மறைமலைநகரில் ஐகானும் ஃபியஸ்டாவும் செய்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூட்டை கட்டுவதாக அறிவித்தது. அந்த வண்டிகளின் இன்ஜின் இன்றைக்கும் ஓடும். ஆனால் முன்பக்க லைட் உடைந்தால் சென்னை புதுப்பேட்டைக்கு அலைய வேண்டும், வைப்பரின் சுவிட்சுக்குக் கோயம்புத்தூர் உக்கடத்தில் யாரையாவது பிடிக்க வேண்டும். டிசையர்க்காரருக்கு இந்தக் கவலை கிடையாது. ஸ்விஃப்ட், ரிட்ஸ், டிசையர் மூன்றுக்கும் பாதிச் சாமான் பொது. தாலுகா தலைநகரத்து ஸ்பேர் கடையில்கூட ஒரிஜினல், அதற்கு அடுத்த ரகம், அதற்கும் கீழே ஒரு ரகம் என்று மூன்று விலையில் எடுத்து வைப்பார்கள். லேத் பட்டறைக்குப் பக்கத்து மரத்தடி மெக்கானிக்குக்கும் அந்த வண்டி மனப்பாடம். மாருதி 2020 ஏப்ரலில் டீசலையே நிறுத்திய பிறகும் இதுதான் நிலைமை.

அழகான வண்டிதான் வேண்டும் என்கிறவரைத் தடுக்க மாட்டேன். அவர் ஆசைக்கு வாங்குகிறார். நான் பேசுவது சிக்கனத்தைப் பற்றி.

பெடலைப் பாருங்க

வண்டி பார்க்க வருகிறேன் என்று போனில் சொல்லும்போதே, "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். போனதும் பானெட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் தெரிகிற ஏதோ ஒன்றை உங்களுக்குக் காட்ட அவருக்கு விருப்பமில்லை. டிசையரில், முதல் சில வருஷப் பெட்ரோல் வண்டிகளைத் தவிர, பெட்ரோல், டீசல் இரண்டிலுமே டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். நல்லதுதான், குறித்த கிலோமீட்டரில் பெல்ட் மாற்றுகிற செலவு இல்லை. ஆனால் நேரத்துக்கு ஆயில் மாற்றாத வண்டியில் செயினும் டென்ஷனரும் தேய்ந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடிகள் கலகலவென்று ஒரு சத்தம் வரும். சூடானபின் அடங்கிவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் குளிர்ந்த வண்டி வேண்டும் என்கிறோம்.

என் மெக்கானிக் வண்டியைச் சுற்றி வரவே மாட்டார். நேராக டிரைவர் கதவைத் திறந்து குனிந்து பெடலைப் பார்ப்பார். "மீட்டரை விடுங்க சார், இந்தப் பெடலைப் பாருங்க." மீட்டரில் 48,000 என்று இருக்கும். கிளட்ச் பெடல் ரப்பரில் வரி எல்லாம் வழித்தெடுத்து, இடது ஓரம் மொழுமொழுவென்று இருக்கும். ஸ்டியரிங்கில் கை பிடிக்கிற இடம் பளபளக்கும். டிரைவர் சீட்டின் வெளிப்பக்க விளிம்பு அமுங்கியிருக்கும். ஏறி இறங்கி ஏறி இறங்கி வருகிற அமுக்கம் அது. பிறகு கூரை ஓரத்து ரப்பர் பட்டையை நகத்தால் லேசாகத் தூக்குவார். அடியில் ஸ்க்ரூ போட்டு அடைத்த ஓட்டை இருந்தால் ஒருகாலத்தில் கேரியர் இருந்திருக்கிறது. டி போர்டில் ஓடி, ஓன் போர்டுக்கு மாறி வந்த வண்டி. டிசையரில் இது சாதாரணம். டாக்ஸிக்கென்றே 'டூர்' என்று தனியாக ஒன்றை மாருதி விற்றது. டாக்ஸி வண்டி என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை, விலை அதற்கேற்ப இருந்தால் சரி. டாக்டர் விலைக்கு வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

சென்னை வண்டி என்றால் இன்னொரு பயம்: வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் மூழ்கிய கார்கள் கொஞ்சமா? இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவிய வண்டிகள் ஏலத்தில் போய், துடைத்து மினுக்கப்பட்டு, வேறு மாவட்டத்தில் சந்தைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். யாரும் கடைசி அடி வரை கழுவுவதில்லை. அங்கே காய்ந்த சேற்றின் கோடு இருக்கும். சீட் தண்டவாளத்தில் துரு, டிக்கிப் பாயைத் தூக்கி ஸ்டெப்னி குழியில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் ஊறின வாடை. இதில் இரண்டு சேர்ந்து வந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

கண்ணாடிகளில் மூலையில் அச்சடித்த குறியைப் பாருங்கள். ஒன்று மட்டும் வேறு கம்பெனியாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. வரிப்பள்ளம் நன்றாக இருக்கிறது என்பதற்காக எட்டு வயசு டயரைப் புதுசென்று எண்ணிவிடாதீர்கள்.

டெல்லி வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. பத்து வருஷம் தாண்டிய டீசலும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோலும் தலைநகரில் ஓடக் கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதிலிருந்து கெடு நெருங்கும் வண்டிகள் தெற்கே இறங்க ஆரம்பித்தன. அங்கே மலிவு என்பது உண்மை. இங்கே கொண்டுவந்து என்.ஓ.சி., மறுபதிவு, ஆயுள் வரி எல்லாம் முடித்தபின் அந்த மலிவில் எவ்வளவு மிஞ்சும் என்று பேப்பரில் எழுதிப் பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

பெட்ரோலா, டீசலா?

2012-இல் இந்தக் கேள்வியே கிடையாது. டீசலுக்கு மானியம் இருந்தது. லிட்டருக்கு முப்பது ரூபாய் அளவுக்கு வித்தியாசம். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனது. 2024 மார்ச் விலைக் குறைப்புக்குப் பிறகு சென்னையில் பெட்ரோல் 100, டீசல் 92 என்ற அளவில் நின்றது. எட்டு ரூபாய் இடைவெளி. அப்படியும், 15 கொடுக்கிற பெட்ரோல் வண்டியோடு ஒப்பிட்டால், டீசல் லிட்டருக்கு 20 கொடுத்தால், வருஷம் 10,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இருபதாயிரம் மிச்சம் என்று கணக்கு வரும். காகிதத்தில் சரி. ஆனால் வயசான டீசலில் ஒரு டர்போ, ஓரிரண்டு இஞ்செக்டர் சேர்ந்து படுத்தால் இரண்டு வருஷ மிச்சத்தை ஒரே பில் விழுங்கிவிடும். தினமும் நாலு கிலோமீட்டர் போய்ப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவருகிற வண்டியாக இருந்தால் இன்னும் மோசம்; இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறோம், கரி சேர்ந்து ஈ.ஜி.ஆர். வால்வு அடைத்துக்கொள்கிறது. வாரம் தவறாமல் வெளியூர் போகிறவருக்கு டீசல். மற்றவர்களுக்குப் பெட்ரோல்தான், நான் தயங்காமல் சொல்வேன்.

பெட்ரோல்காரர்களின் புதுக் கவலை, பெட்ரோலில் கலக்கிற 20 சதவிகித எத்தனால். அதற்கென்று செய்யப்படாத வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 6 சதவிகிதம் வரை குறையலாம் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்களும் சீல்களும் கொஞ்சம் முன்னதாகவே மாற்ற வேண்டி வரலாம் என்பதையும் மறுக்கவில்லை. பெட்ரோல் வாடை வந்தால் சர்வீஸ் தேதி வரை காத்திருக்காதீர்கள்.

வைத்து ஓட்டுவது

வாங்கிய வாரமே எல்லாத் திரவத்தையும் மாற்றிவிட வேண்டும்: இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில். போன ஓனர் என்ன சொன்னாலும் சரி. அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி டேஷ்போர்டில் போட்டுவிடுங்கள். பத்து வருஷம் கழித்து விற்கும்போது அந்த அழுக்கு நோட்டுக்குத் தனி விலை கிடைக்கும்.

அதற்குப்பின் டிசையர் கேட்கிற செலவு பெரும்பாலும் அடிவயிற்றில்தான். ஸ்பீட் பிரேக்கரில் முன்பக்கம் 'கடக் கடக்' என்றால் முதலில் லிங்க் ராடு. சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். அதை விட்டுவிட்டு நேராக ஷாக் அப்சார்பர் என்று ஆரம்பிக்கிற பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துவிடலாம். அடுத்து லோயர் ஆர்ம் புஷ். இந்த ரப்பர்கள் சீக்கிரம் போக நாமே ஒரு வழி வைத்திருக்கிறோம். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால், "அடியில டீசல் அடிக்கட்டுமா சார்?" என்று கேட்பார்கள். பளபளப்பாக இருக்கும், துரு பிடிக்காது என்று நாமும் தலையாட்டுவோம். டீசல் பட்டால் ரப்பர் ஊறி உப்பிக் கிழியும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏ.சி.யில் ஒவ்வொரு சித்திரைக்கும் கேஸ் நிரப்பிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. கேஸ் தேய்ந்துபோகிற பொருள் அல்ல. குறைந்தால் எங்கேயோ கசிகிறது. பெரும்பாலும் கூலிங் காயில். ஒருமுறை டேஷ்போர்டைக் கழற்றி அதை மாற்றுகிற செலவு, நாலு கோடைக்கு நிரப்புகிற கேஸைவிட அதிகமிருக்காது.

பிறகு எலி. ஓட்டாமல் நிறுத்திவைத்த வண்டியின் முதல் எதிரி எலிதான். ஒரு ராத்திரியில் வயரைக் கடித்துப் போட்டால், ஸ்கேனர் போட்டுத் தேடவே ஒரு நாள் ஆகும். புகையிலை, நாப்தலீன் உருண்டை, ஸ்பிரே என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து உருப்படியானது, அடியில் கம்பி வலை அடிப்பதும், வண்டியை அடிக்கடி எடுப்பதும்தான். நின்ற வண்டி பேட்டரியையும் கொல்லும், டயரையும் ஒரு பக்கம் தட்டையாக்கும். 'பொத்திப் பொத்தி வச்ச வண்டி' என்பதைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

சிக்கனத்தில் கை வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. இந்திய ஸ்விஃப்டின் ஏர்பேக் இல்லாத மாடலை 2014-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு மோதிப் பார்த்தபோது பெரியவர்கள் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்யம் நட்சத்திரம். டிசையரும் அதே குடும்பம்தான். எல்லாப் புதுக் கார்களிலும் டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய வண்டி வாங்கினால் இசட்.எக்ஸ்.ஐ., இசட்.டி.ஐ. என்ற மேல் ரகத்தைத் தேடுங்கள். முப்பதாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம். அலாய் வீலுக்கும் டச் ஸ்கிரீனுக்கும் கொடுக்கிறோமே!

பதினைந்தாம் வருஷம் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வருஷம் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அதோடு பசுமை வரி. முதல் தலைமுறை டிசையர்கள் 2023-இலேயே இந்த வாசலுக்கு வந்துவிட்டன. பாடியில் துரு இல்லை, இன்ஜின் ஆயில் குடிக்கவில்லை என்றால் கட்டிவிட்டு ஐந்து வருஷம் ஓட்டலாம். கடற்கரைப் பக்கத்து வண்டியில் கதவடி, சக்கர வளைவு எல்லாம் உதிர ஆரம்பித்துவிட்டால், டிங்கரிங், பெயிண்டிங் என்று இறங்குவது வீண்.

கொடுக்கும்போது

"பேர் மாத்திக்குவாரு சார், தெரிஞ்ச பையன்தான்" என்ற வார்த்தையை நம்பிச் சாவியைக் கொடுப்பவர்கள் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கு. வண்டி பல கை மாறிவிட்டது, பதிவேட்டில் மட்டும் பழைய பேர். விபத்து நடந்தது. நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியவர் பதிவேட்டில் பேர் உள்ளவரே என்று தீர்ப்பு வந்தது. ஃபாரம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. பேர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் நீங்களே பார்க்க வேண்டும். கடன் இருந்த வண்டி என்றால் ஹெச்.பி. ரத்தாகியிருக்க வேண்டும். இன்சூரன்ஸில் இத்தனை வருஷம் சேர்த்த நோ கிளைம் போனஸ் உங்களுடையது, வண்டியோடு போவதல்ல. கடிதம் வாங்கி அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ஃபாஸ்டேக்கையும் அன்றைக்கே பேங்கில் சொல்லி மூடிவிடுங்கள். இல்லையென்றால் வாங்கினவர் குடும்பத்தோடு திருப்பதி போய் வருவார், டோல்கேட்டுக்கு டோல்கேட் உங்கள் போனுக்கு மெசேஜ் வரும்.